கதவுக்குள் கரையும் தாளம்

கண்டியின் வீதிகளில் ஓடும் கார்களில் பல, இருபது வயதைத் தாண்டியவை. ஜப்பானில் சில வருடங்கள் ஓடி, 'ரீகண்டிஷன்' என்ற பெயருடன் இலங்கைக்கு வந்து இறங்கிய கொரோலாக்களும் சன்னிகளும் சிவிக்குகளும் இன்னும் கட்டுகஸ்தோட்டைக்கும் பேராதனைக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் பழைய கார் வைத்திருந்தவர்கள் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றினார்கள், பிரேக் பார்த்தார்கள், துருப்பிடித்த இடத்தை வெட்டி ஒட்டினார்கள். பாட்டுக் கேட்கும் செட் மட்டும் வந்த நாளில் இருந்தபடியே கிடந்து, வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டு போனது.

கராஜில் கேட்டால் முதலில் கிடைக்கும் பதில், "செட் போயிருச்சுண்ணே, புதுசா ஒன்னு போட்டுருவோம்." டாஷ்போர்டில் கண்ணுக்குத் தெரிவது செட் மட்டும் என்பதால் பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது. ஒலி கெடும் இடங்களில் செட் கடைசி வரிசையில் நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம். புதிய செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கைக் கதவுக்குச் செலவழித்தால் பல கார்களில் பாட்டு திரும்பி வந்துவிடும். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை, செலவே இல்லாதது. பழக்கமான ஒரு பாட்டைப் போட்டு, பேலன்ஸையும் ஃபேடரையும் திருப்பி, நான்கு ஸ்பீக்கர்களையும் ஒவ்வொன்றாகத் தனித்துக் கேட்க வேண்டும். நான்கிலும் ஒரே குறை கேட்டால் அது செட்டிலோ செட்டுக்கு வரும் பாட்டிலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் கரகரப்பு என்றால் அந்த ஸ்பீக்கரையும் அதற்குப் போகும் வயரையும் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையா? செட்டின் பின்புறத்தில் இடப்பக்க வயரையும் வலப்பக்க வயரையும் மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். குறை பக்கம் மாறினால் குற்றம் செட்டில். மாறாமல் அங்கேயே நின்றால் குற்றம் கதவில். பெரும்பாலும் அங்கேயேதான் நிற்கும்.

கதவில் இருக்கும் அந்த ஸ்பீக்கரின் அடிப்படை வடிவம் நூறு வருடம் பழையது. 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் அதை விவரித்து ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். காந்தத்தின் இடைவெளிக்குள் ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. பாட்டின் மின்னோட்டம் சுருளில் ஓடும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. கூம்பு நேர்கோட்டில் அசைய வேண்டும், பக்கவாட்டில் சாயக்கூடாது. அதற்காகக் கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு ஒரு மென்மையான வளையம் பிணைக்கிறது. பழைய கார்களில் இந்த வளையம் அநேகமாக ஃபோமால் ஆனது.

கண்டி அந்த ஃபோமுக்கு இரக்கம் காட்டுவதில்லை. பொலியூரித்தேன் ஃபோமில் ஒரு வகை, எஸ்டர் பிணைப்புகளால் கோத்த நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. நீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பைத் தேடிவந்து வெட்டும். வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். ஈரமும் வெப்பமும் கூடக்கூட வேகமும் கூடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மலைகளும் மகாவலியும் சூழ்ந்த பள்ளத்தில், இரண்டு பருவக்காற்றுகளின் மழையையும் வாங்கும் ஊர் இது. கண்ணாடியில் வழியும் மழைநீரில் ஒரு பகுதி கதவின் உள்ளேயும் இறங்கி ஸ்பீக்கரின் முதுகைத் தாண்டித்தான் கீழே போகிறது. பின்சீட்டுக்குப் பின்னால் தட்டில் இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு வேறு எதிரி: கண்ணாடி வழியே நாள் முழுக்க விழும் வெயில். புறஊதாக் கதிர் அங்கே நீரின் வேலையைச் செய்துவிடுகிறது.

ஆகவே டோர் போர்டைக் கழற்றியதும் செய்ய வேண்டியது, ஃபோம் வளையத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொடுவது. பிசுபிசுத்து ஒட்டினாலோ தூளாக உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பிறகு கூம்பின் நடுவை இரண்டு விரல்களால் சமமாக அழுத்தி விட வேண்டும். 'சர்' என்ற உராய்வு கேட்டால் சுருள் சாய்ந்து காந்தத்தில் தேய்கிறது. அந்த ஸ்பீக்கரை மாற்றுவது ஒன்றே வழி. பெரும்பாலும் 16 சென்றிமீட்டர் அளவு, 4 ஓம். அளவை நம்பி வாங்காமல் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போவது நல்லது. ஆணித்துளைகளும் ஆழமும் காருக்குக் கார் வேறுபடும். புதியதன் காந்தம் பருமனாக இருந்தால் கண்ணாடியை இறக்கும்போது அதில் முட்டும். வாங்கும்போது வோட் எண்ணைவிட உணர்திறன் எண்ணைப் பார்க்க வேண்டும். 1 வோட்டுக்கு 91 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 88 டெசிபல் தருவதைவிட இரண்டு மடங்கு பெரிய அம்ப்ளிஃபையர் (அம்ப்) வாங்கியதற்குச் சமமான பலனைத் தருகிறது. விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ரப்பரை நம் மழை அவ்வளவு சீக்கிரம் தின்னாது.

இதோடு வேலை முடிந்தது என்று போர்டைப் பூட்டிவிடுவதுதான் வழக்கம். பூட்டியபின் பாட்டுத் தெளிவாகக் கேட்கும், ஆனால் அடியில்லாமல் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று வரும், தொப்பி வராது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியே ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகுமே, அது இருந்த இடத்தில் வெறும் முனகல் இருக்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. கார் ஸ்பீக்கரில் அந்த 41 ஹேர்ட்ஸ் வருவதே இல்லை. ஆனாலும் மெட்டு நமக்குப் புரிகிறது. 82, 123, 164 என்று அதன் மேற்சுரங்கள் காதில் விழ, மூளை அவற்றின் இடைவெளியைக் கணக்கிட்டு, இல்லாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. எந்தச் சுரம் என்று மூளை சொல்லிவிடும். அந்தச் சுரம் நெஞ்சில் மோதும் உணர்வை அதனால் உண்டாக்க முடியாது.

அந்த ஒலி எங்கே போனது? கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. முன்னால் புறப்படும் அலையும் பின்னால் புறப்படும் அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும். 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். ஸ்பீக்கரின் முதுகிலிருந்து விளிம்பைச் சுற்றி முன்பக்கம் வர இருபது, முப்பது சென்றிமீட்டர் போதும். அலைநீளத்தோடு பார்த்தால் அது ஒரு தூரமே இல்லை. குளத்து நீருக்குள் உள்ளங்கையை மெல்ல ஆட்டிப் பாருங்கள்: அலை எழும்பாது, நீர் விரல்களைச் சுற்றி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடிக்கொள்ளும். பேஸ் ஒலிக்கு நடப்பது அதுதான். 3,000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ பதினொரு சென்றிமீட்டர் சொச்சம். அது சுற்றிக்கொண்டு வரக் காத்திராமல் நேரே முன்னால் பாய்ந்துவிடும். அதனால் குரலும் ஜால்ராவும் தப்புகின்றன, தாளத்தின் அடி கதவுக்குள் கரைகிறது.

கதவின் உட்புறத் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. கண்ணாடி மோட்டரையும் பூட்டையும் பொருத்துவதற்காகத் தொழிற்சாலையிலேயே விட்டவை. அவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மழைநீர் போர்டுக்கு வராமல் தடுப்பது அதன் வேலை. கொஞ்சம் ஒலியையும் தடுக்கும். இருபது வருடத்தில் கண்ணாடி மோட்டர் சில தடவையாவது பழுதாகியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளைக் கிழித்து, வேலை முடிந்ததும் பாதி ஒட்டிப் பாதி தொங்கவிட்டு மூடியிருப்பார்கள். ஸ்பீக்கரின் முன்னும் பின்னும் ஒரே காற்றாகிப் போகும் வழி இது.

திருத்தம் எளிது. உட்தகட்டின் பெரிய ஓட்டைகளைத் தட்டையான அலுமினியத் தகடோ தடித்த பிளாஸ்டிக் பலகையோ வெட்டி மூடி, அதன்மேல் பியூட்டைல் ரப்பர் தடவிய டம்பிங் ஷீட்டை உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும். பின்னாளில் மோட்டரைக் கழற்ற வேண்டி வரும் என்பதால் பலகையைச் சிறு ஆணிகளால் பூட்டுவது புத்திசாலித்தனம். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோம் நாடா ஒரு சுற்று. வெளித்தகட்டின் உட்புறத்தில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னே, ஒரு துண்டு ஷீட். கதவு முழுவதையும் போர்த்த வேண்டியதில்லை. தகட்டின் நடுப்பகுதி அதிராமல் இருக்கக் கொஞ்சம் பாரம் போதும். அதற்குமேல் ஒட்டுவதெல்லாம் கீல்களுக்குச் சுமை.

ஒன்றை மட்டும் மூடவே கூடாது: கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு வடிகால் துளைகள். உற்சாகத்தில் அவற்றையும் ஒட்டிவிட்டால் ஒக்டோபர் மழை கதவுக்குள் தேங்கி, அடுத்த வருடம் அடித்தகடு துருவாக உதிரும்.

வயர் பூட்டும்போது கூட்டல், கழித்தல் முனைகளைக் கவனிக்க வேண்டும். ஒரு கதவில் மட்டும் அவை மாறிப்போனால் இடது கூம்பு வெளியே தள்ளும்போது வலது கூம்பு உள்ளே இழுக்கும். பேஸ் மறுபடியும் அழியும், இம்முறை இரண்டு கதவுகளுக்கும் நடுவில். டோர்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் பற்றரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டால் கூம்பு குதிக்கும். வெளிப்பக்கம் குதித்தால் பற்றரியின் கூட்டல் தொட்ட முனையே ஸ்பீக்கரின் கூட்டல்.

இனி 'வோட்' என்ற மாயத்தைப் பார்ப்போம். கடையில் புதுச் செட்டின் பெட்டியில் '50 வோட் × 4' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் அம்ப், ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இழுத்துத் தள்ளும் வகையைச் சேர்ந்தது. அதனால் அதிகபட்சம் அந்த 14.4 வோல்ட் முழுவதையும் ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4 ஓமால் வகுத்தால் 51.8. பெட்டியில் இருக்கும் 50 அங்கிருந்து வருகிறது. ஆனால் அந்தக் கணக்கு, அம்ப் தன் எல்லையில் முட்டி, அலையின் தலையை வெட்டிச் சதுரமாக்கி அனுப்பும் நிலைக்குரியது. சுத்தமான வளைவோடு வரும் சுரத்துக்கு அதில் பாதி, 26 வோட்டுக்கும் குறைவு. சிப்புக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால் ஒழுங்காகக் கிடைப்பது பதினைந்திலிருந்து இருபது வோட். உங்கள் பழைய செட்டிலும் அநேகமாக இதே அம்ப் வகைதான் இருக்கிறது. 15 வோட்டை 20 ஆக்கினால் கூடும் சத்தம் ஏறத்தாழ 1.25 டெசிபல், கூர்ந்து கேட்டால் மட்டும் தெரியும் வித்தியாசம். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு வோட் தேவை. 12 வோல்ட் பற்றரியில் ஓடும் சாதாரண செட் எதுவும் அதைத் தராது. அதற்கு மின்னழுத்தத்தை உள்ளே உயர்த்திக்கொள்ளும் தனி அம்ப் வேண்டும். கதவை மூடாமல் தனி அம்ப் பூட்டுவது அழியும் அலைகளை இன்னும் பெரிதாக அழியவிடுவதுதான்.

கண்டியில் பாட்டு என்றால் பாதி வானொலி. இங்கே ரீகண்டிஷன் கார்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கார்கள் செய்யப்பட்ட காலத்தில் ஜப்பானின் எஃப்.எம். அலைவரிசை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை, இலங்கையில் 87.5 முதல் 108 வரை. ஜப்பான் 90க்கு மேல் போகாததற்குக் காரணம் தொலைக்காட்சி. 90 முதல் 108 வரை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று சானல்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். 2011இல் நாட்டின் பெரும்பகுதியில் அனலொக் தொலைக்காட்சி ஓய்ந்த பிறகே அந்த இடம் காலியானது. பிறகு வானொலியை 95 வரை நீட்டினார்கள். 1990களின் கார் செட்டுக்கு இதெல்லாம் தெரியாது. சூரியன், சக்தி, தென்றல் நிலையங்கள் ஒலிக்கும் அலைவரிசையின் பெரும்பகுதி அதற்கு எட்டாத உயரம்.

இதற்குக் கடைகளில் விற்கும் மருந்து 'பேண்ட் எக்ஸ்பாண்டர்'. ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவில் பூட்டும் சிறு பெட்டி. அதற்குள் ஓர் அலைவியற்றி இருக்கும். வெளியிலிருந்து வரும் அலையை அதன் அலையோடு கலந்தால் இரண்டின் வித்தியாசம் பிறக்கும். 20 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டி என்றால் 98இல் வரும் நிலையம் செட்டில் 78இல் கேட்கும். அறிவியல் சரி. ஆனால் மலிவான பெட்டி கலக்கும்போது தன் இரைச்சலையும் சேர்க்கிறது; வேண்டாத அலைகளின் கலவையும் கூடவே வருகிறது; வலுவான உள்ளூர் நிலையம் ஒன்று இரண்டு மூன்று இடங்களில் தலைகாட்டும். மலைநாட்டில், ஏற்கெனவே தள்ளாடும் அலைக்கு இது மேலும் ஒரு அடி. வானொலியை நேசித்துக் கேட்பவர் என்றால் செட்டை மாற்றுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் முதல் நியாயம் இது.

மாற்றும்போது ஏரியலை மறந்துவிடுவார்கள். பல ஜப்பானியக் கார்களில் ஏரியல், பின்கண்ணாடியில் அச்சிட்ட மெல்லிய கோடுகள். அதன் அடியில் ஒரு சிறு பெருக்கி. அந்தப் பெருக்கிக்குச் செட்டிலிருந்து 12 வோல்ட் போக வேண்டும். புதுச் செட்டின் நீல வயரை அதோடு இணைக்காமல் விட்டால் பெருக்கி தூங்கும், புதுச் செட் பழையதைவிட மோசமாகப் பிடிக்கும். பழைய பெருக்கிகளில் சில 90 வரைக்கென்றே அமைந்தவை. அப்படிப்பட்ட காரில் கூரையில் ஒரு சாதாரண கம்பி ஏரியல் நிறுத்துவது எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

எஃப்.எம். அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அது நேர்கோட்டில் போகும், மலையைச் சுற்றி அவ்வளவாக வளையாது. 300 மீட்டர் நீளமுள்ள மத்திய அலை மேட்டையும் பள்ளத்தையும் தழுவிக்கொண்டு போகும்; தோட்டத்து லயன்களில் ஒரு தலைமுறை இலங்கை வானொலியைத் தெளிவாகக் கேட்டது அதனால்தான். ஹந்தானை முகட்டில் நிற்கும் கோபுரங்களிலிருந்து புறப்படும் எஃப்.எம். அலை நகருக்கு நேரே வருகிறது. எதிர்மலைகளில் மோதியும் வருகிறது. சுற்றிவந்த அலை 3 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணித்திருந்தால் விநாடியின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு தாமதம். காதுக்கு அது ஒன்றுமில்லை, எஃப்.எம். வாங்கிக்கு அது குழப்பம். எதிரெதிரே வரும் இரண்டு அலைகள் சந்திக்கும் வெளியில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வெற்றிடங்கள் உண்டாகும். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் கார், விநாடிக்கு ஆறேழு வெற்றிடங்களைக் கடக்கிறது. 'ஸ், ச' ஒலிகள் சிதறி, பாட்டு படபடப்பது அப்போதுதான். மணிக்கூட்டுக் கோபுரத்தடி நெரிசலில் நின்றதும் நிலையம் காணாமல் போய், கார் ஒரு முழம் நகர்ந்ததும் திரும்பி வருவதற்கும் இதுவே காரணம்.

ஸ்டீரியோ இன்னும் நொய்மையானது. இடது வலது வித்தியாசத்தை எஃப்.எம். 38 கிலோஹேர்ட்ஸ் துணை அலையில் ஏற்றி அனுப்புகிறது. எஃப்.எம். இரைச்சல் உயர்ந்த அதிர்வெண்களில்தான் குவிந்து கிடப்பதால், அந்த வித்தியாசம் இரைச்சலோடு சேர்ந்து இறங்குகிறது. ஸ்டீரியோவில் இரைச்சல் மோனோவைவிட 20 டெசிபலுக்கும் மேல் கூடுவது இதனால். செட்டில் மோனோ பொத்தான் இருந்தால், மகியங்கனை வீதியிலோ நுவரெலியா வீதியிலோ மலைமறைவில் போகும்போது அழுத்திவிடுவது நல்லது. அகலம் போகும், பாட்டு நிற்கும்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் கியர் குறைத்து மிதிக்கும்போது பாட்டோடு 'ஙொய்' என்று ஒரு சீழ்க்கை கூடவே ஏறுகிறதா? அது அல்டனேட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் இருக்க, அல்டனேட்டர் இரண்டரை மடங்கு, 2,000 சுற்றில் சுழலும். 12 துருவ அல்டனேட்டர் ஒரு சுற்றில் 36 சிறு மின்துடிப்புகளை விடும். கணக்குப் போட்டால் 1,200 ஹேர்ட்ஸ், காது மிகவும் உணரும் பகுதி. எஞ்சின் மூன்று மடங்கு வேகமானால் 3,600. வொலியூமைக் குறைத்ததும் சீழ்க்கையும் குறைந்தால் அது செட்டுக்குள் பாட்டோடு நுழைகிறது; குறையாவிட்டால் வொலியூமுக்குப் பிந்திய இடத்தில் நுழைகிறது. பெரும்பாலும் குற்றவாளி எர்த். துருப்பிடித்த இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலும், 20 அம்பியர் ஓடும்போது 0.2 வோல்ட் அங்கே எழும். செட்டையும் தனி அம்பையும் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்திருந்தால் அந்த 0.2 வோல்ட் பாட்டோடு கலக்கும். இரண்டையும் ஒரே இடத்தில், பெயிண்ட் சுரண்டிய தகட்டில் இறுக்க வேண்டும். ஃபில்டர் வாங்குவது அதற்குப் பிறகு.

செட்டை மாற்ற நான் ஒப்புக்கொள்ளும் இரண்டாவது நியாயம், சாரதி உட்காரும் இடம். நம் கார்களில் சாரதி வலப்பக்கம். வலக்கதவு ஸ்பீக்கர் அவருக்கு ஒரு மீட்டர் தூரம் என்றால் இடக்கதவு ஸ்பீக்கர் ஒன்று அறுபது. முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே மூளை நம்பும் என்பதால் பாடகர் வல முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவார். பேலன்ஸை இடப்பக்கம் திருப்பினால் அளவு சமமாகும், நேரம் சமமாகாது. அண்மைக்கால செட்கள் பலவற்றில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே தாமதிக்கச் செய்யும் வசதி இருக்கிறது. 60 சென்றிமீட்டரை ஒலி கடக்க விநாடியின் ஆயிரத்தில் 1.7 பங்கு ஆகும். வலப்பக்கத்தை அந்த அளவுக்குப் பிந்தவைத்து, சாரதி இருக்கையில் இருந்தபடி ஒரு தனிக்குரல் பாட்டைக் கேட்டு, குரல் டாஷ்போர்டின் மேல் வந்து நிற்கும்வரை சிறிது கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அப்போது எல்லாமே இடப்பக்கம் சாயும். குடும்பத்தோடு போகும்போது அந்த அமைப்பை நிறுத்திவிடலாம்.